பேய்க்கதை வாசிப்பவர் வீட்டில் புது நாய்: கேள்வி பதில்

ஒன்பது வருடமாக ஒலிக்கதை வாசிக்கிறேன். அதில் பாதிக்கு மேல் பேயும் திகிலும்தான். போன வருடம் சுருளியைத் தத்தெடுத்தோம். இரண்டு வயது இருக்கலாம் என்றார்கள், அதற்கு முன் எங்கே எப்படி இருந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. முதல் இரண்டு மாதம் அவளும் பட்டாள், நானும் பட்டேன். மைக், குரல், புதிதாக வந்த நாய், இந்த மூன்றைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். நாய்க்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் மட்டும் என்னிடம் வராதீர்கள், கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

ஜன்னலோரம்: அக்கா, நாய் வந்து நாலு நாள்தான் ஆகிறது. அடுத்த வாரத்துக்குள் ஒரு கதையை முடித்துக் கொடுக்கணும். கதை முழுக்க அலறல். பயந்துவிடுமா? எப்படிப் பழக்குவது?

பதில்: முதலில், அலறல் காட்சிகளை மட்டும் பிரித்துக் கடைசியில் வையுங்கள். நாயை யாராவது வெளியே நடக்கக் கூட்டிப் போகும் நேரத்தில் அவற்றை மொத்தமாகப் பதிவு செய்து முடித்துவிடுங்கள். புதிதாக வந்த நாய்க்கு அரண்டு கிடக்க மூன்று நாள், வீட்டின் நடைமுறை பிடிபட மூன்று வாரம், இது நம் வீடு என்று நம்ப மூன்று மாதம் என்று ஒரு தோராயக் கணக்குச் சொல்வார்கள். உங்களுடையது இன்னும் அரண்டு கிடக்கும் கட்டத்தைத் தாண்டியே இருக்காது.

அப்புறம் பழக்கலாம். பதிவு செய்த அலறலையே எடுத்து, காதில் விழுந்தும் விழாததுமாக ஒலிக்கவிடுங்கள். ஒலித்த அடுத்த நொடி ஒரு தின்பண்டத் துண்டு கொடுங்கள். இதில் வரிசை முக்கியம்: சத்தம் முதலில், தின்பண்டம் பிறகு. மாற்றிச் செய்தால், கையில் துண்டு தெரிந்தாலே ‘ஐயோ, அலறப் போகிறாள்’ என்று நாய் கற்றுக்கொள்ளும். நான் அந்தத் தப்பைச் செய்தேன், சுருளி ஒரு வாரம் தின்பண்ட டப்பாவைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போனாள். நாய் நிதானமாக இருந்தால் அடுத்த நாள் ஒலியைக் கொஞ்சம் கூட்டுங்கள். உதட்டை நக்குவது, தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது, துண்டை வாங்க மறுப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் நேற்றைய அளவுக்கு இறங்கிவிடுங்கள்.

ஆனால் உண்மையில் என்னைப் படுத்தியது அலறல் கிடையாது, கிசுகிசுப்பு. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு விடுவதை ஒருத்தி கேட்கிற காட்சி. குரலை நூலாக்கி வாசித்துவிட்டு, நாலு நொடி மூச்சைப் பிடித்து நிறுத்தினேன். மேசைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த சுருளி எழுந்து, வாலை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, ஈர மூக்கை என் முழங்காலில் வைத்தாள். நாங்கள் இரண்டு பேருமே அசையவில்லை. அந்த டேக்கில் அவள் இதயத்துடிப்பு தவிர எல்லாம் பதிவாகியிருந்தது.

பிறகுதான் யோசித்தேன். அலறல் வந்த வேகத்தில் போய்விடும். மூச்சைப் பிடித்து, தோளை இறுக்கி, ஆடாமல் உட்காருவது நாய் பாஷையில் ‘பக்கத்தில் ஆபத்து, அசையாதே’. நம் பதற்றத்தை நாய்கள் மோப்பத்திலேயே பிரித்தறிகின்றன என்று பெல்ஃபாஸ்ட் ஆய்வாளர்கள் 2022-இல் காட்டினார்கள். மனக்கணக்குப் போடச் சொல்லிப் பதறவைத்த ஆட்களின் வியர்வையையும் மூச்சையும், அதே ஆட்கள் சாதாரணமாக இருந்தபோது எடுத்ததையும் நாய்கள் சரியாகப் பிரித்துக் காட்டின. அதனால் இப்போது குரலில் மட்டும்தான் பயப்படுகிறேன். தோளைத் தளர்த்தி, பாதம் தரையில் பட உட்கார்ந்து, காட்சி முடிந்ததும் பெரிதாக மூச்சை விட்டு, சாதாரணக் குரலில் அவள் பெயரைச் சொல்வேன். வாசிப்பும் நன்றாகவே ஆகியிருக்கிறது, அது வேறு கதை.

மூணாம் ஜாமம்: எந்த மைக் வாங்கலாம்?

பதில்: நாய் உள்ள வீட்டுக்கு டைனமிக் மைக், அதாவது தூரத்துச் சின்னச் சத்தங்களை அவ்வளவாகப் பிடிக்காத வகை. முன்பக்கம் மட்டும் கேட்கிற கார்டியாய்ட் வகை. வாய்க்கு நாலைந்து விரல் தூரத்தில் வைத்து, மைக்கின் முதுகு நாயின் படுக்கையைப் பார்க்கும்படி திருப்புங்கள். வாய்க்கும் மைக்குக்கும் இடையிலான தூரம் இரட்டிப்பானால் உங்கள் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் இறங்கும், நாயின் மூச்சு அப்படியே இருக்கும். நாயின் மூச்சு எடுத்துத் தெரிவது அதனால்தான். பிராண்ட் உங்கள் பர்ஸைப் பொறுத்தது.

வாசலில் கால்தடம்: நாய் மூச்சிரைப்பது எல்லா டேக்கிலும் விழுகிறது. நாய்ஸ் ரிடக்ஷன் போட்டும் போகவில்லை. நாய்ஸ் கேட் போட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது. நாய்ஸ் ரிடக்ஷன், மின்விசிறி மாதிரி ஒரே சீராக ஓடும் இரைச்சலுக்குத்தான். மூச்சிரைப்பு ஏறி இறங்கும், நிற்கும், மறுபடி தொடங்கும். அழுத்திப் போட்டால் உங்கள் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல ஆகும். நாய்ஸ் கேட் இன்னும் மோசம், ஒலி ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் மொத்தமாக அடைத்துவிடும். கிசுகிசுப்பின் கடைசி எழுத்தை வெட்டிவிடும். திகில் கதையில் ‘யாரது’ என்பது ‘யார’ என்று நின்றால் பேய்கூடச் சிரிக்கும்.

மூச்சு இரைக்காத நேரத்தில் பதிவு செய்வதுதான் வழி. நடந்துவிட்டு வந்த உடனே உட்காராதீர்கள். தண்ணீர் குடித்து, வாய் மூடி, உடம்பைச் சுருட்டிப் படுக்கும்வரை காத்திருங்கள். கழுத்துப்பட்டையில் தொங்கும் வில்லையைக் கழற்றுங்கள், நகத்தை வெட்டுங்கள், தரையில் தடித்த விரிப்புப் போடுங்கள். பேசாமல் அரை நிமிடம் பதிவு செய்து, அறையின் வெறும் ஒலி எவ்வளவு என்று பாருங்கள். ஒலிப்புத்தகத் தளமான ஏசிஎக்ஸ் கேட்பது மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே. கிசுகிசுப்புக்காக கெயினை, அதாவது மைக்கின் ஒலியைப் பெருக்கும் அளவை, கூட்டும்போது அதுவும் சேர்ந்தே ஏறும், மறக்காதீர்கள்.

அரச இலை: அலறும்போது ஒலி உடைந்து கரகரக்கிறது.

பதில்: கெயினைக் குறைத்து, ஒரு எட்டுப் பின்னால் போய், முகத்தைக் கொஞ்சம் திருப்பி அலறுங்கள். 32-பிட் ஃப்ளோட் (எவ்வளவு உரத்த ஒலியிலும் பதிவு எளிதில் உடையாத முறை) வசதியுள்ள ரெக்கார்டர் இருந்தால் ரொம்ப நல்லது.

இருட்டு அறை: நான் வாசிக்கும்போது நாய் அறையின் ஒரு மூலையையே வெறிக்கிறது. அந்த மூலையில் ஒன்றுமே இல்லை. பேய்க்கதை வேறு. நாய்க்கு அதெல்லாம் தெரியும் என்கிறார்களே?

பதில்: நமக்குக் கேட்பது 20,000 ஹெர்ட்ஸ் வரை. நாய்க்கு 45,000 வரைகூடக் கேட்கும். அந்த மூலையில் சார்ஜர் செருகியிருக்கிறதா? பல சார்ஜர்கள் நம் காதுக்கு எட்டாத கீச்சொலி போடும். சுவருக்குள் எலி இருந்தாலும் அப்படித்தான், அவை பேசுவதே அந்த உயரத்தில். சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள்.

ஒற்றைப் பனை: நான் வாசிப்பில் தப்பு விட்டால், எடிட்டிங்கில் கண்டுபிடிக்க க்ளிக்கர் அடிப்பேன். ஒவ்வொரு முறையும் நாய் ஓடி வந்து மடியில் ஏறுகிறது. ஏன்?

பதில்: க்ளிக்கர் நாய்க்குப் பயிற்சி கொடுக்கச் செய்த பொருள். ‘சரியாகச் செய்தாய், வந்து வாங்கிக்கொள்’ என்பதுதான் அதன் அர்த்தம். உங்கள் நாயை யாரோ அதில் பழக்கியிருக்கிறார்கள், அது உங்களுக்கு நல்ல செய்தி. நீங்கள் உளறும்போதெல்லாம் அதற்குப் பரிசு உண்டு என்று நம்பி வருகிறது. கொடுத்துவிடுங்கள், பாவம். தப்பைக் குறிக்க நாக்கைச் சொடுக்குங்கள்.

கூடத்து நிலா: துணி அலமாரிக்குள் சுவரெல்லாம் ஃபோம் ஒட்டி ஸ்டுடியோ மாதிரி செய்திருக்கிறேன். நாய்க்குட்டியும் உள்ளேயே படுக்கலாமா?

பதில்: நாய்க்குட்டிக்கு ஃபோம் என்றால் பிய்க்க வேண்டிய பொருள். விழுங்கினால் குடலில் அடைக்கும், சிலதற்கு அறுவைசிகிச்சை வரை போகும். அதன் உயரத்துக்கு எட்டாத இடத்தில் மட்டும் ஒட்டுங்கள், கீழே கம்பளி தொங்கவிடுங்கள். மைக் கேபிளையும் தூக்கிக் கட்டுங்கள். திரும்பச் சொல்கிறேன், ஃபோம்.

கருங்கிணறு: என் நாய் வந்து மூன்று வாரம். எலும்பு கடிக்கும்போது கையை நீட்டினால் அட்டகாசமாக உறுமுகிறது. அதைப் பதிவு செய்து கதையில் போடப் போகிறேன். மைக்கை எவ்வளவு தூரத்தில் வைக்கணும்?

பதில்: வைக்காதீர்கள். அந்த உறுமல் ‘தயவுசெய்து விலகு’ என்கிற எச்சரிக்கை. சொல்லியும் நீங்கள் விலகவில்லை என்றால், உறுமிப் பயனில்லை என்று கற்றுக்கொண்டு அடுத்த முறை நேராகக் கடிக்கும். மூன்று வாரத்தில் அதற்கு நீங்கள் கற்றுக்கொடுக்க வேண்டியது, உங்கள் கை வந்தால் சாப்பாடு கூடும் என்பது. நீங்கள் செய்வது நேர் எதிர்.

கருங்கிணறு: இரண்டு டேக்தானே அக்கா. ஒரு கலைக்காக.

பழைய நாடா: சினிமாவில் மிருகங்களை வைத்துத்தானே எல்லா ஒலியும் எடுத்தார்கள்? அதை யாரும் கேட்கவில்லையே.

பதில்: நல்லவேளை சினிமாவை இழுத்தீர்கள். 1993-இல் வந்த ஜுராசிக் பார்க்கில் டி-ரெக்ஸ் இரையைக் கவ்வி உதறும் ஒலி, ஒலி வடிவமைப்பாளர் கேரி ரைட்ஸ்ட்ராம் வீட்டு நாயுடையது. சின்ன ஜாக் ரஸ்ஸல், பெயர் பஸ்டர். கயிற்றுப் பொம்மையைக் கவ்வி உதறி விளையாடியபோது எடுத்தது. உலகமே மிரண்ட ஒலிக்கு ஒரு நாயை மிரட்ட வேண்டியிருக்கவில்லை. நீங்களும் கயிறு இழுத்து விளையாடுங்கள், பதிவு செய்யுங்கள், வேகத்தைப் பாதியாக்குங்கள். சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும், நீளம் இரட்டிப்பாகும். பிறகு வேகத்தைக் குறைப்பதாக இருந்தால் சாம்பிள் ரேட்டை (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பதை) 96 கிலோஹெர்ட்ஸில் வைத்து எடுங்கள்.

கருங்கிணறு: விளையாட்டு உறுமல் பொய்யாகக் கேட்கும். கேட்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

பதில்: இதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஹங்கேரிய ஆய்வாளர்கள் 2017-இல் ஆட்களிடம் உறுமல்களை ஒலிக்கவிட்டுக் கேட்டபோது, விளையாட்டு உறுமலைத்தான் அதிகம் பேர் சரியாகச் சொன்னார்கள். அது துண்டு துண்டாக, அவசர அவசரமாக வரும். அந்தத் தாளம்தான் காட்டிக்கொடுக்கிறது. அதனால் நீளமான ஒரே துண்டை மட்டும் வெட்டி எடுத்து, மெதுவாக்கி, உங்கள் குரலுக்கு அடியில் ஓடவிடுங்கள். தாளம் போய்விடும்.

தாழம்பூ: எதற்கு நாய்? குரல் கலைஞர் என்றால் தானே உறுமத் தெரிய வேண்டாமா?

பழைய நாடா: மனிதன் உறுமினால் மனிதன் உறுமுகிற மாதிரிதான் கேட்கும்.

பதில்: மூச்சை உள்ளே இழுத்தபடி உறுமிப் பாருங்கள், கேட்கிறவருக்கு ஆள் தெரியாது. தாழம்பூ சொல்வதுதான் எனக்கும் பிடித்த வழி. தொண்டை எரிந்தால் உடனே நிறுத்திவிடணும். நான் முதல் முறை செய்தபோது சுருளி வந்து என் வாயை மோந்து பார்த்தாள்.

கருங்கிணறு: சரி, கயிறு வாங்குகிறேன். ஆனாலும் எலும்பு உறுமல் மாதிரி வராது.

பதில்: வராது. பரவாயில்லை. உறுமல் பஞ்சாயத்து இத்துடன் முடிந்தது.

சாம்பல் காகம்: நல்ல மைக் ஒன்று சொல்லுங்கள்.

பதில்: மூணாம் ஜாமத்துக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.

வெள்ளைப் புடவை: கதை வாசிக்கும்போது என் நாயும் மூலையைப் பார்த்துக் குரைக்கிறது. எங்கள் வீட்டில் சார்ஜரே இல்லை.

பதில்: எலி.

மழைக்காலம்: கதவைச் சாத்திவிட்டு வாசித்தால் வெளியே நின்று அழுது தீர்க்கிறது. அழுது ஓயட்டும் என்று விடலாமா?

பதில்: விடாதீர்கள். அழுது ஓய்வது பழகியதாக ஆகாது, சோர்ந்துபோனதாகவும் இருக்கலாம். கதவைச் சாத்தி, அழத் தொடங்கும் முன்பே திறங்கள். முதலில் ஐந்து நொடி, பிறகு அரை நிமிடம், பிறகு ஐந்து நிமிடம். முதல் வாரம் மைக்கை ஆன் செய்யவே வேண்டாம், சும்மா உள்ளே உட்கார்ந்து வாருங்கள். நீங்கள் கதவைச் சாத்தினால் திரும்பி வருவீர்கள் என்று அதற்குத் தெரியணும், அவ்வளவுதான். ஒரு நிமிடத்துக்கு மேல் நகரவே முடியவில்லை, கதவைப் பிறாண்டுகிறது, எச்சில் ஒழுகுகிறது என்றால் அது பிரிவுப் பதற்றம். மருத்துவரிடம் பேசுங்கள்.

கூடத்து நிலா: அக்கா, மறுபடி நான்தான். ஒரு மணி நேரம் முன்னால் குட்டி உள்ளங்கை அளவு ஃபோமைத் தின்றுவிட்டது. சாதாரணமாகத்தான் இருக்கிறது. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கட்டுமா?

பதில்: உப்புத் தண்ணீர் கூடவே கூடாது, உப்பே விஷமாகும். போனைக் கீழே வைத்துவிட்டு இப்போதே மருத்துவரிடம் கிளம்புங்கள். தின்று இரண்டு மணி நேரத்துக்குள் போனால் அவர்களே பாதுகாப்பாக வெளியே எடுக்க வழி அதிகம். எவ்வளவு தின்றது என்று காட்ட மிச்சமிருக்கும் ஃபோமையும் கொண்டுபோங்கள்.

மண்குதிரை: எங்களுக்கும் மைக்...

பதில்: மேலே.

கூடத்து நிலா: வாந்தி எடுக்க வைத்தார்கள், முழுத்துண்டும் வந்துவிட்டது. குட்டி இப்போது என் மடியில் தூங்குகிறது. கீழ்வரிசை ஃபோமைப் பிய்த்துப் போட்டுவிட்டேன். அதனால் அறை கொஞ்சம் எதிரொலிக்கிறது. இதற்கு எந்த மைக் அக்கா நல்லது?

பதில்: குட்டி பிழைத்ததற்காக உங்களுக்கு மட்டும் இன்னொரு தடவை: டைனமிக், நாலைந்து விரல், முதுகு நாயின் பக்கம். எதிரொலிக்குக் கம்பளி. சுருளி வார்ப்பட்டையை வாயில் கவ்விக்கொண்டு கதவருகே நிற்கிறாள், நான் போகிறேன்.