வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவருக்குச் சீழ்க்கட்டி: எம்.ஆர்.எஸ்.ஏ. தொற்றை எப்படித் தடுப்பது?

கேள்வி: மல்யுத்தப் பயிற்சிக்குச் செல்லும் என் மகனுக்குத் தொடையில் வந்த கட்டி, ஐந்து நாள் அமாக்சிசிலின் சாப்பிட்டும் அடங்கவில்லை. கீறிச் சீழைச் சோதித்தபோது எம்.ஆர்.எஸ்.ஏ. (மெத்திசிலின் என்ற மருந்துக்குக் கட்டுப்படாத ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி) என்று வந்தது. அவன் தேறிய மூன்றாவது வாரத்தில் மகளுக்கு அக்குளில் அதேபோல் ஒரு கட்டி. எங்கள் வீட்டில் அண்மையில் யாரும் மருத்துவமனையில் தங்கவில்லை. இது எங்கிருந்து வந்தது? மீண்டும் வராமலிருக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் மகளின் கட்டியைக் கவனியுங்கள். மகனுக்குக் கொடுத்ததில் மீந்துபோன மாத்திரைகளை அவளுக்குக் கொடுக்காதீர்கள். கட்டியைப் பிதுக்கவும் வேண்டாம். மருத்துவரிடம் காட்டும்போது, அண்ணனுக்கு எம்.ஆர்.எஸ்.ஏ. வந்ததைச் சொல்லி, அவனுடைய கல்ச்சர் (சீழிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அறிக்கையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எந்த மருந்து வேலை செய்யும், எது செய்யாது என்பது அந்த ஒரு தாளில்தான் இருக்கிறது.

ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற இந்தக் கிருமி புதிதல்ல. ஏறத்தாழ பத்தில் மூன்று பேருடைய மூக்கினுள் அது எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கிறது. பெனிசிலினை எதிர்க்கப் பழகிவிட்ட ஸ்டஃபைலோகாக்கஸை அடக்குவதற்கென்றே 1959-இல் மெத்திசிலின் வந்தது. இரண்டே ஆண்டுகளில், 1961-இல், அதற்கும் கட்டுப்படாத கிருமி பிரிட்டனில் பதிவாகிவிட்டது. பெனிசிலின் வகை மருந்துகள், கிருமி தன் செல் சுவரைக் கட்டுவதற்கு நம்பியிருக்கும் புரதத்தைப் பற்றிக்கொண்டு அதை முடக்குகின்றன. எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமியிடமோ அந்த மருந்துகளின் பிடியில் சிக்காத மாற்றுப் புரதம் ஒன்று இருப்பதால், சுவர் கட்டும் வேலை தடையின்றி நடக்கிறது. உங்கள் மகனுக்கு, பெனிசிலின் வகையைச் சேர்ந்த அமாக்சிசிலின் பயன்படாமல் போனதற்குக் காரணம் இதுவே. இன்னும் ஐந்து நாள் கொடுத்திருந்தாலும் பயன்பட்டிருக்காது.

மருத்துவமனைப் பக்கமே போகாதவர்களுக்கு இது எப்படி வரும் என்ற உங்கள் கேள்வி மருத்துவ உலகையும் ஒரு காலத்தில் திகைக்க வைத்தது. 1997-க்கும் 1999-க்கும் இடையில் அமெரிக்காவின் மினசோட்டா, வடக்கு டகோட்டா மாநிலங்களில் மருத்துவமனைத் தொடர்பு ஏதுமில்லாத நான்கு குழந்தைகள் இந்தத் தொற்றால் இறந்தார்கள். சமூகத்தில் பரவும் எம்.ஆர்.எஸ்.ஏ. மருத்துவமனைக்குள் இருந்த கிருமியிலிருந்து வேறுபட்டது என்பதும், ஆரோக்கியமான இளைஞர்களையே அது அதிகம் தாக்குகிறது என்பதும் அதன்பிறகே பரவலாகத் தெரியவந்தன. 2003-இல் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியில் ஐந்து வீரர்களுக்கு இது வந்தபோது, செயற்கைப் புல்தரையில் உராய்ந்து தோல் வழன்ற இடங்களிலேயே கட்டிகள் தோன்றியிருந்தன. வீரர்கள் துண்டுகளைப் பகிர்ந்துகொண்டதும் விசாரணையில் தெரிந்தது. மல்யுத்தத்தில் உடலோடு உடல் உரசுவது, விரிப்பில் தோல் சிராய்ப்பது, துண்டு கைமாறுவது ஆகிய மூன்றுமே உண்டு. உங்கள் மகனுக்கு அங்கிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

இந்தக் கட்டி தொடக்கத்தில் சிலந்தி கடித்ததைப் போன்ற சிவந்த, வலியுள்ள தடிப்பாகத்தான் தெரியும். பலர் அப்படியே நம்பி நாள்களைக் கடத்திவிடுகிறார்கள். பின்னர் நடுவில் தோல் மெலிந்து மஞ்சள் முனை தெரியும். விரலால் மெல்லத் தொட்டால் உள்ளே திரவம் தளும்புவதை உணரலாம். அந்த நிலையில் முதன்மையான சிகிச்சை மாத்திரையல்ல, மருத்துவர் கீறிச் சீழை வெளியேற்றுவதுதான். சீழ் தேங்கிய குழிக்குள் இரத்த ஓட்டம் இல்லாததால், நரம்பில் ஏற்றும் மருந்துகூட அங்கே சரிவரப் போய்ச் சேராது. வெளியேற்றிய சீழைக் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பும்படி நீங்களே கேளுங்கள். அத்துடன் கோ-டிரைமாக்சசோல், டாக்சிசைக்ளின், கிளிண்டாமைசின் ஆகியவற்றில் ஒன்றை மருத்துவர் தரக்கூடும். தந்தால் சொன்ன நாள்வரை முழுமையாகச் சாப்பிட வேண்டும்.

வீட்டிற்குள் நான் முதலில் சந்தேகிப்பது குளியலறைக் கதவின் பின்னால் தொங்கும் துண்டைத்தான். காலையில் ஒருவர் துடைத்துக்கொண்டு ஈரமாக மாட்டியதை, காயுமுன் இன்னொருவர் எடுக்கிறார். தோலிலிருந்து உதிரும் செதில்களோடு கிருமியும் அதில் ஒட்டியிருக்கும். காய்ந்த பரப்பிலும் அது வாரக்கணக்கில் உயிரோடு இருக்க வல்லது. ஆளுக்கொரு துண்டு, ஆளுக்கொரு சவர பிளேடு, ஆளுக்கொரு சோப்பு என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். மகள் அக்குளில் சவரம் செய்பவளானால், புண் ஆறும்வரை நிறுத்தச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத சின்னக் கீறல் கிருமிக்குப் போதும். புண்ணை உலர்ந்த கட்டால் முழுமையாக மூடி, கட்டு மாற்றியதும் பழையதை உறையிலிட்டு அப்புறப்படுத்தி, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். படுக்கை விரிப்பையும் துண்டையும் சூடான நீரில் துவைத்து நன்றாகக் காய விடுங்கள். கதவுக் கைப்பிடி, கைப்பேசி, ரிமோட் போன்று பலர் கைபடும் பொருள்களை அடிக்கடி துடையுங்கள். வீடு முழுவதும் கிருமிநாசினி தெளிக்கத் தேவையில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் கட்டி திரும்ப வந்தால், கிருமியை உடலிலிருந்தே அகற்றும் சிகிச்சையைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். மூக்கினுள் முப்பிரோசின் களிம்பை நாளுக்கு இருமுறை ஐந்து நாள் தடவுவதும், அந்த நாள்களில் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கரைசலைக் கண்ணிலும் காதிலும் படாமல் பூசிக் குளிப்பதும் வழக்கமான முறை. வீட்டார் அனைவரும் ஒரே வாரத்தில் செய்தால்தான் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் திரும்பத் தொற்றும் சுழற்சி உடையும். அந்தக் களிம்பை நீங்களாக வாங்கி அடிக்கடி தடவ வேண்டாம். முப்பிரோசினையும் எதிர்க்கும் கிருமிகள் உருவாகியிருக்கின்றன.

காய்ச்சல், மணிக்கு மணி பரவும் சிவப்பு, பார்வைக்குத் தெரியும் புண்ணைவிட மிகக் கடுமையான வலி, மூக்கின் அருகிலோ மேலுதட்டிலோ கட்டி, சளிக்காய்ச்சலைத் தொடர்ந்து மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

மகன் புண்ணைக் கட்டி மறைத்துக்கொண்டு மல்யுத்தத்துக்குத் திரும்பக் கூடாது. விரிப்பில் உருளும்போது கட்டு அவிழ்ந்துவிடும். கசிவு முற்றிலும் நின்று, புதிய கட்டி எதுவும் தோன்றாமல், மருத்துவர் அனுமதித்த பின்னரே போகட்டும். அதுவரை பொறுக்காமல் இன்றே பயிற்சியாளரிடம் சொல்லிவிடுங்கள். அதே விரிப்பில் பயிலும் வேறொரு பையன் தன் தொடையில் உள்ள தடிப்பைச் சிலந்திக்கடி என்று எண்ணிக்கொண்டிருக்கக்கூடும்.