ஒரு மணி நேர அளவீட்டை ஓராண்டுக் கணக்காக்கலாமா?

கேள்வி: வளைகுடா நாடொன்றில் எரிவாயுச் சேகரிப்பு நிலையத்தில் சுற்றுச்சூழல் பொறியாளராக இருக்கிறேன். உதிரிபாகங்களை எண்ணிப் போட்ட கணக்கின்படி எங்கள் மீத்தேன் வெளியேற்றம் ஆண்டுக்கு 115 டன். ட்ரோன் கொண்டு ஒரு நாள் அளந்த ஒப்பந்ததாரர் 350 டன் என்கிறார். ஆண்டறிக்கைப் படிவத்தில் எதை எழுதிக் கையொப்பமிடுவது?

பதில்: இரண்டில் எதையும் அப்படியே எழுதிக் கையொப்பமிடாதீர்கள்.

உங்கள் 115 டன், வால்வுகளையும் இணைப்புகளையும் எண்ணி, ஒவ்வொன்றையும் ஒரு சராசரிக் கசிவால் பெருக்கியதால் வந்தது. புழக்கத்தில் உள்ள அந்தச் சராசரிகளில் பல, அமெரிக்காவில் 1990களில் அளந்தவை. தொட்டியின் மேல்மூடியில் ரப்பர் வெடித்திருப்பதும், மிஞ்சும் வாயுவை எரித்துவிடும் ஃபிளேரில் சுடர் அணைந்திருப்பதும் அந்தச் சராசரிக்குத் தெரியாது. ஆனால் வாயு பெருமளவு வெளியேறுவது அப்படிப்பட்ட சில இடங்களில்தான். மிகப் பெரிய 5 சதவீதக் கசிவுகளிலிருந்தே மொத்தத்தில் பாதிக்கு மேல் வருகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. அமெரிக்க எண்ணெய், எரிவாயுத் துறையின் வெளியேற்றம் அரசுக் கணக்கைவிட ஏறத்தாழ 60 சதவீதம் அதிகம் என 2018இல் வெளியான ஆய்வு கண்டது. ஆகவே உங்கள் கணக்கு குறைவாக இருப்பதில் வியப்பில்லை.

அதற்காக 350 சரியாகிவிடாது. நீங்கள் அனுப்பிய அறிக்கையில், ட்ரோன் ஒரு மணி நேரம் பறந்து மணிக்கு 40 கிலோ என அளந்திருக்கிறது. ஒப்பந்ததாரர் அதை ஓராண்டின் 8,760 மணி நேரத்தால் பெருக்கிவிட்டார். இந்தப் பெருக்கலைத்தான் பல இடைத்தரகர்கள் சான்றிதழோடு சேர்த்து விற்கிறார்கள். அறிக்கையில் காற்றின் வேகம் எங்கும் இல்லை. இம்முறையில் வாயுவின் செறிவைக் காற்றின் வேகத்தால் பெருக்கித்தான் வெளியேற்றத்தைக் கணிக்கிறார்கள். வேகம் பிழைத்தால் விடையும் அதே அளவுக்குப் பிழைக்கும். மூலத் தரவைத் தர மறுக்கும் ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

அன்று காலை வாயுவை அழுத்திக் குழாயில் செலுத்தும் உங்கள் கம்ப்ரஸர் ஒன்று நிறுத்தப்பட்டு, அழுத்தம் இறக்கப்பட்டுக் கிடந்ததாக நிலையத்தின் பதிவேடு சொல்கிறது. அந்த நிலையில் அடைப்பு வால்வு சரியாக மூடாவிட்டால், குழாயிலிருந்து வாயு கசிந்து வெளியேற்றுக் குழல் வழியே போய்க்கொண்டே இருக்கும். அந்தக் குழலை மட்டும் தனியாக அளந்து பாருங்கள். அது மணிக்கு 25 கிலோ என வந்து, கம்ப்ரஸர் ஆண்டுக்கு 1,000 மணி நேரம் அப்படிக் கிடக்குமானால், அதன் பங்கு 25 டன். மீதி 15 கிலோ ஆண்டு முழுவதும் தொடருமானால் 131 டன். மொத்தம் 156 டன்.

கம்ப்ரஸர் நின்ற நேரத்தைத் தனியே பிரித்த இந்த விலக்கைச் சாக்காக்கிவிடாதீர்கள் என்று இருமுறை சொல்வேன். பெரிய அளவீடு வரும்போதெல்லாம் ‘அன்று தற்செயலாக நடந்தது’ என்று அடித்துவிடும் நிறுவனங்களை நான் பார்த்திருக்கிறேன். நிகழ்வை ஆண்டு முழுவதற்கும் பெருக்கக் கூடாது என்பதற்கு அதை நீக்கிவிடலாம் என்று பொருள் இல்லை. அது எத்தனை முறை, எத்தனை மணி நேரம் நடந்தது என்பதைப் பதிவேட்டிலிருந்து எடுத்து அதன் அளவோடு எழுத வேண்டும். மணிக்கணக்கு இல்லாத நிகழ்வைக் குறைத்து எழுத உங்களுக்கு உரிமை இல்லை.

ஃபிளேர் மீத்தேனில் 98 சதவீதத்தை எரித்துவிடும் என்ற வழக்கமான அனுமானத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவின் மூன்று எண்ணெய்ப் படுகைகளில் விமானத்திலிருந்து அளந்தபோது, அணைந்து கிடந்தவற்றையும் சேர்த்து ஏறத்தாழ 91 சதவீதமே அழிந்தது.

வெவ்வேறு பருவங்களில், எல்லாக் கம்ப்ரஸர்களும் ஓடும் நாளிலும் நிற்கும் நாளிலும் மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். படிவத்தில் ஒற்றை எண்ணுக்குத்தான் கட்டம் இருக்கிறது. ஏற்ற இறக்கத்தை எழுத இடமே இல்லை. சென்ற ஆண்டைவிட எண் கூடினால் விளக்கம் கேட்கும் அதிகாரிகள், பத்தாண்டுகளாக அது மாறாமல் இருந்தபோது ஒரு வார்த்தையும் கேட்டதில்லை. இது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது. கட்டத்தில் உங்கள் சிறந்த மதிப்பீட்டை எழுதி, கீழ், மேல் எல்லைகளையும் கணக்கிட்ட முறையையும் தனித்தாளில் இணைத்து, அந்தத் தாளிலும் கையொப்பமிடுங்கள். அடைப்பு வால்வைப் பழுதுபார்க்க இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். பழுது நீக்கிய நாளையும் நேரத்தையும் மட்டும் தவறாமல் குறித்து வையுங்கள், அதற்கு முந்தைய மணிகளும் பிந்தைய மணிகளும் கணக்கில் வேறு வேறு.