ஒரு நாட்டைக் கூண்டில் ஏற்ற முடியுமா?

கேள்வி: போர்க்குற்றங்களுக்காகத் தளபதிகள் தண்டிக்கப்படுகிறார்கள். அவர்களுக்குத் துணைநின்ற நாட்டையே பொறுப்பாக்க வழி உண்டா? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: உண்டு. தி ஹேக் நகரின் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் தனிமனிதர்களை மட்டுமே விசாரிக்கும். ஒரு நாட்டின்மீது இன்னொரு நாடு தொடுக்கும் வழக்கு அதே நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். இனப்படுகொலைத் தடுப்பு ஒப்பந்தத்தின்படி போஸ்னியா 1993இல் அண்டை நாடான செர்பியாவின் (அன்றைய யூகோஸ்லாவியாவின்) மீது அங்கே தொடுத்த வழக்கில் தீர்ப்பு வர 14 ஆண்டுகள் ஆயின. 1995 ஜூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா நகரில் சுமார் 8,000 முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டது இனப்படுகொலையே என்றும், அதைச் செர்பியா செய்ததாக நிரூபிக்கப்படாவிட்டாலும் தடுக்கத் தவறியதற்கு அது பொறுப்பு என்றும் 2007இல் நீதிபதிகள் கூறினார்கள். இழப்பீடாக ஒரு காசுகூட விதிக்கப்படவில்லை.

கொலையாளிகள் புதைகுழிகளை எந்திரங்களால் தோண்டி உடல்களை இடம் மாற்றியதால், ஒரே மனிதரின் எலும்புகள் வெவ்வேறு குழிகளில் கிடைத்தன. மகனின் சில எலும்புகளை மட்டும் அடக்கம் செய்த தாய்மார்களுக்கு இந்தத் தீர்ப்பு போதவே போதாது என்பது என் உறுதியான எண்ணம். ஆயினும் குற்றவாளிகளை ஒப்படைக்கும் கடமையையும் அத்தீர்ப்பு செர்பியாவுக்கு நினைவூட்டியது. அந்தக் கொலைகளை நடத்திய போஸ்னிய செர்பியப் படைகளின் தளபதி ராட்கோ மிலாடிச் 2011இல் அங்கேயே கைதாகி, 2017இல் ஆயுள் தண்டனை பெற்றார்.