மின்னல் உடைத்தது, இரும்பு சேர்த்தது

கேள்வி: மாஷ், இடி மின்னலோடு மழை பெய்த இரண்டொரு நாளில் எங்கள் கடலைக்காய்க் காடு பளிச்சென்று பச்சை கட்டுகிறது. மின்னல் காற்றிலிருந்து உரம் இறக்குகிறது என்பார் அப்பா. செடியும் கிருமியும் இல்லாத காலத்தில் முதல் உயிருக்கான நைட்ரஜன் எங்கிருந்து கிடைத்தது?
(ஒரு வாசகர், வடகரப்பதி)

பதில்: தம்பி, அப்பா சொன்னது உண்மைதான். ஆனாலும் இன்றைய பச்சையில் மின்னலுக்குப் பங்கு கொஞ்சம்தான். ஈரம் கண்ட வேர்தான் பெரிய வேலையைச் செய்கிறது. ஒரு செடியைப் பிடுங்கி மண்ணை உதறுங்கள். வேரில் கடுகுமணி போல முண்டுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. நம் ரத்தத்தைச் சிவக்கவைக்கும் புரதத்துக்கு உறவான புரதம் அது. இரண்டிலும் இருப்பது இரும்பு. இந்த இரும்பை மறக்க வேண்டாம், கதை முழுக்க வரும்.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆனால் இரண்டிரண்டு அணுக்களாக, மூன்று பிணைப்புகளால் இறுகப் பூட்டிக் கிடக்கிறது. அதை உடைத்தால்தான் புரதத்துக்கும் மரபணுவுக்கும் ஆகும். ஆதி பூமியிலும் இதே சிக்கல்தான்.

சிகாகோவில் 1953இல் ஸ்டான்லி மில்லர் ஒரு குடுவையில் மின்பொறி பாய்ச்சி, புரதத்தின் கட்டுமானக் கற்களான அமினோ அமிலங்களை உண்டாக்கினார். மகத்தான சோதனை. ஆனால் அந்தக் குடுவைக்குள் அவர் அமோனியாவை, அதாவது பூட்டு உடைந்து ஹைட்ரஜனோடு சேர்ந்த நைட்ரஜனை, முன்கூட்டியே வைத்துவிட்டார். நீங்கள் கேட்பதோ அந்த அமோனியா எப்படி வந்தது என்பதை. ஆதி காற்றில் அமோனியா இருந்திருந்தாலும் வெயிலின் புறஊதாக் கதிர் அதைச் சீக்கிரமே சிதைத்திருக்கும். அன்றைய காற்று பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனும்தான் என்றே இன்று பலரும் கருதுகிறார்கள்.

அந்தக் காற்றில் மின்னல் வெட்டினால்? சூரியனின் மேற்பரப்பைவிடப் பல மடங்கு சூடு. பூட்டு உடைகிறது. உடைந்த நைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடிலிருந்து பிரிந்த ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு நைட்ரிக் ஆக்சைடாகிறது. பிறகு நைட்ரைட், நைட்ரேட்டாக மாறி மழையோடு கடலில் இறங்குகிறது. அன்று காற்றில் ஆக்சிஜன் இல்லாததால் இரும்பு துருவாகிப் படியாமல் கடல்நீரில் கரைந்தே கிடந்தது. அந்தக் கரைந்த இரும்பு நைட்ரைட்டை அமோனியாவாக மாற்றும் என்று 1993இல் சம்மர்ஸ், சாங் இருவரும் சோதனையில் காட்டினார்கள். எனக்கு மிகவும் பிடித்த விடை இதுதான்: உடைத்தது மின்னல், உயிருக்கு ஏற்றதாக்கியது இரும்பு. கடலடி வெந்நீர் ஊற்றுகளின் சூட்டிலும் அழுத்தத்திலும், இரும்புக் கனிமங்கள் நைட்ரஜனையே நேராக அமோனியாவாக்கும் என்று 1998இல் பிராண்டெஸ் குழுவினர் காட்டினார்கள். இரண்டு வழியும் ஒருசேர நடந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

அமோனியா கிடைத்தபின் வேலை வேகம் பிடிக்கிறது. அமோனியாவும் ஹைட்ரஜன் சயனைடும் கலந்த கரைசலைச் சூடாக்கி, மரபணுவின் எழுத்துகளில் ஒன்றான அடினைனை ஜோன் ஓரோ உண்டாக்கிவிட்டார். 1960இல் அதை வெளியிட்டார்.

பின்னாளில் கிருமிகளே பூட்டைத் திறக்கக் கற்றுக்கொண்டன. 320 கோடி ஆண்டுப் பழைய பாறைகளில் அதற்கான தடயம் இருப்பதாக 2015இல் ஓர் ஆய்வு வந்தது. உங்கள் வேர்முண்டிலுள்ள கிருமியின் நொதியிலும் இரும்புதான், கூடவே மாலிப்டினம். யூரியாவுக்கான அமோனியாவை ஆலையில் செய்யும்போதும் வினையூக்கி இரும்பே. ஆலைக்குப் பல நூறு டிகிரி சூடு வேண்டும். முண்டுக்கு மண்ணின் சூடு போதும். ஆகவே கடலைக்கு யூரியாவை அள்ளிப் போடாதீர்கள், முண்டு கட்டுவது குறைந்துபோகும்.

கேள்வி: முதல் உயிருக்கான நைட்ரஜன் விண்கல்லிலிருந்து வந்திருக்காதா?
(ஒரு வாசகி, கொல்லங்கோடு)

பதில்: கொஞ்சம் வந்திருக்கும், அம்மா. பென்னு என்ற சிறுகோளிலிருந்து 2023இல் கொண்டுவந்த மண்ணில் அமோனியாவும், உயிர்கள் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14உம் இருந்தன. ஆனால் வானத்திலிருந்து விழுவது இங்கொன்றும் அங்கொன்றுமாக விழும். மின்னலும் கடலும் ஓயாமல் உழைத்தவை. அதனால் என் ஓட்டு அவற்றுக்குத்தான்.