அவளும் ஒன்றும் சொல்லவில்லை

கேள்வி: எனக்கு வயது 38. சிங்கப்பூர் மரின் பரேடில் வீவக அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறோம். மூன்று ஆண்டுகளாக ஓடுகிறேன். வாரத்தில் நான்கு நாள், ஒவ்வொரு முறையும் 7, 8 கிலோமீட்டர், முடிந்த அளவு வேகமாக. 10 கிலோமீட்டர் ஓட 58 நிமிடம் ஆகிறது. எட்டு மாதமாக அதே 58தான். டிசம்பர் போட்டிக்குள் 50க்குக் கொண்டுவர ஆசை. ஓட்டக்காரர்கள் கட்டும் கடிகாரம் வாங்கிவிட்டேன். கார்பன் தகடு வைத்த காலணியும் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். மகள் தொடக்கநிலை 4 படிக்கிறாள். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குச் சைக்கிளில் கூடவே வருவாள். கடலில் நிற்கும் கப்பல்களை எண்ணிக்கொண்டு வழியெல்லாம் பேசுவாள். பதில் சொன்னால் வேகம் குறைகிறது என்பதால் பிப்ரவரியிலிருந்து தனியாகத்தான் போகிறேன். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. சைக்கிள் வாசலில் கிடக்கிறது. அகற்றச் சொல்லி நகர மன்றம் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. அது கிடக்கட்டும். இப்போதெல்லாம் ஓடுவதில் பழைய சந்தோஷம் இல்லை. வேகமும் வேண்டும், சந்தோஷமும் வேண்டும். என்ன பயிற்சி செய்யலாம்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

தம்பி, "அது கிடக்கட்டும்" என்று எழுதிவிட்டு நீங்கள் தாண்டிப் போய்விட்டீர்கள். என்னால் தாண்ட முடியவில்லை. கடிகாரமும் காலணியும் 58ம் 50ம் பலர் எழுதிக் கேட்டவைதான். "அவளும் ஒன்றும் சொல்லவில்லை" என்ற வரியில்தான் நின்றுவிட்டேன்.

வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசுகிற பத்து வயதுப் பிள்ளை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா தன்னை விட்டுவிட்டுப் போவதைப் பார்க்கிறாள். அடுத்த ஞாயிறும் பார்க்கிறாள். ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டீர்களா?

நான் 28 ஆண்டுகள் பள்ளியில் உடற்கல்வி சொல்லிக்கொடுத்தவள். அணியில் இடம் கிடைக்காத பிள்ளைகள் சிலர் நேரே வந்து அழுவார்கள், சண்டை போடுவார்கள். அவர்களைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை. மறுநாள் காலையில் திடலில் முதல் ஆளாக நிற்பார்கள். வேறு சிலர் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்வார்கள். கேட்டால், "பரவாயில்லை டீச்சர்" என்பார்கள். அப்படிச் சொன்ன பிள்ளையை மறுபடி திடலுக்குக் கொண்டுவர எனக்கு ஒரு தவணை முழுக்கப் பிடித்திருக்கிறது. சிலர் திரும்பி வரவே இல்லை.

பிப்ரவரியிலிருந்து இந்த ஆகஸ்ட் வரை இருபத்தைந்து ஞாயிறுகளாவது போயிருக்கும். இன்னும் இரண்டு ஆண்டில் அவளுக்குத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. துணைப்பாட வகுப்பு சனி ஞாயிறைத் தின்றுவிடும். அதற்கப்புறம் உயர்நிலைப் பள்ளி, தோழிகள், கைப்பேசி. "அப்பா, நானும் வரட்டுமா" என்று கேட்கிற வயது அவளுக்கு நடந்துகொண்டிருக்கிறது. அதில் அரை ஆண்டை ஒரு கடிகாரத்துக்காகக் கொடுத்துவிட்டீர்கள்.

சரி, வேகத்தைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன். அங்கேயும் உங்கள் மகள்தான் வந்து நிற்கிறாள்.

58 நிமிடத்தில் 10 கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 48 வினாடி. வாரம் நான்கு நாளும் கிட்டத்தட்ட இந்த வேகத்திலேயே ஓடுகிறீர்கள். நான்கு நாளும் தேர்வு எழுதினால் படிப்பது எப்போது? தேசிய சேவை முடித்த ஆண்கள் பலரிடம் இதைப் பார்க்கிறேன். ஓட்டம் என்றாலே அங்கே வைக்கும் அந்த 2.4 கிலோமீட்டர் உடற்தகுதித் தேர்வுதான் மனத்தில் ஓடும். காலணி மாட்டியதும் யாரோ விசில் ஊதி நேரத்தைக் குறிப்பதுபோல் ஓடுவார்கள். உடம்புக்கு அது ரெண்டும் கெட்டான் வேகம். காலையும் மூச்சையும் களைப்படையச் செய்கிற அளவுக்கு வேகம், ஆனால் உண்மையான வேகப் பயிற்சி என்று சொல்லும் அளவுக்கு இல்லை. செவ்வாயின் களைப்பு தீருமுன் வியாழன் வந்துவிடுகிறது. எட்டு மாதமாக 58லேயே நிற்பது அதனால்தான்.

நார்வேயில் பணியாற்றும் ஸ்டீபன் சைலர் என்ற விளையாட்டு அறிவியல் ஆய்வாளர், நெடுந்தூர விளையாட்டுகளில் உச்சத்தில் இருப்பவர்களின் பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்தார். அவர்களுடைய பயிற்சியில் ஏறக்குறைய 80 விழுக்காடு மெதுவான வேகத்தில் நடந்தது. மீதிதான் கடுமையானது. மெதுவாக நீண்ட நேரம் ஓடும்போது இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் ரத்தத்தை அனுப்பப் பழகுகிறது. தசைகளுக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. உயிரணுக்களில் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் பெருகுகிறது. இந்த அடித்தளம் எழும்ப மாதக் கணக்காகும். அது இருந்தால்தான் வாரத்தில் ஒரு நாள் கடுமையாக ஓடுவது பலன் தரும்.

மெதுவு என்றால் எவ்வளவு மெதுவு? ஓடிக்கொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். பயிற்றுநர்கள் காலங்காலமாகச் சொல்லிக்கொடுக்கும் அளவு இதுதான்.

இப்போது உங்கள் கடிதத்தை நீங்களே எடுத்துப் படியுங்கள். ஒரு பிள்ளை பக்கத்தில் வந்து, ஒரு மணி நேரம் கேள்வி கேட்டு, உங்களைப் பதில் சொல்ல வைத்து, வேகத்தைச் சரியான அளவில் நிறுத்தியிருக்கிறாள். வாரத்தில் உங்களுக்கு உண்மையாகவே பலன் தந்த ஓட்டம் அந்த ஒன்றுதான். அதைத்தான் நிறுத்திவிட்டு, இன்னொரு நாளும் மூச்சிரைக்க ஓடுகிறீர்கள். சந்தோஷம் எங்கே போயிற்று என்று என்னைக் கேட்கிறீர்கள்.

நம் ஊர்க் காற்றையும் கணக்கில் வையுங்கள். விடியுமுன் இங்கே ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். வெயில் இல்லையே என்று நினைப்போம். ஆனால் வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே வழியும். உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் ரத்தம் போக வேண்டியிருப்பதால், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கும். குளிர்நாட்டில் இருப்பவர் எழுதிய அட்டவணையைப் பார்த்துக் கடிகாரத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். மெதுவான நாட்களில் கிலோமீட்டருக்கு 7 நிமிடம், ஏழரை நிமிடம் ஆகட்டும். கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் இன்னும் நல்லது.

நான்கு நாளில் கடுமையான நாள் ஒன்று போதும், அது செவ்வாய். வீட்டுக்குப் பக்கத்தில் எந்த விளையாட்டரங்கம் திறந்திருக்கிறதோ அங்கே போங்கள். 15 நிமிடம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்குங்கள். பிறகு 400 மீட்டர் சுற்று ஆறு, ஒவ்வொன்றும் 2 நிமிடம் 12 வினாடியை ஒட்டி. நடுவே இரண்டு நிமிட நடை. ஆறாவது சுற்று முதல் சுற்றைவிட மெதுவானால் முதல் சுற்றை அளவுக்கு மீறி ஓடிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒரு மாதம் கழித்து எட்டுச் சுற்று. வியாழன் 40 நிமிடம் மெதுவாக. முடிக்கும்போது 20 வினாடி விரைந்து, பிறகு மூச்சு சமனாகும்வரை நடந்து, இப்படி நான்கு முறை. காலுக்கு வேகம் மறக்காமலிருக்க அது போதும். சனி அரை மணி நேரம், அதுவும் மெதுவாக. ஒவ்வொரு நான்காவது வாரமும் எல்லாவற்றையும் குறைத்துவிடுங்கள். டிசம்பரில் 50 வராது. 55 வந்தால் நல்ல முன்னேற்றம். 50 அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும். காலணியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். உங்கள் பிரச்சினை பாதத்தில் இல்லை.

ஞாயிறு மகளோடு. ஒரு மணி நேரத்துக்கு மேலே, எவ்வளவு தூரம் என்று பார்க்காமல். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் சைக்கிள் பாதையும் நடைபாதையும் பக்கத்துப் பக்கத்தில்தானே போகின்றன. பிடோக் படகுத்துறைப் பக்கம் நின்று, அவள் கப்பல்களை எண்ணி முடிக்கும்வரை நீங்களும் நில்லுங்கள். நின்றால் ஓட்டம் கெட்டுப்போகாது.

2022ல் பெர்லினில் 2 மணி 1 நிமிடம் 9 வினாடியில் மாரத்தான் ஓடி உலக சாதனை படைத்தவர் கென்யாவின் எலியுட் கிப்சோகே. அந்தக் காலத்தில் வார நாட்களில் குடும்பத்தை விட்டுக் கப்டகட் பயிற்சி முகாமில் தங்கினார், வார இறுதியில் வீட்டுக்குப் போனார். அவருக்கு ஓட்டம்தான் தொழில். அந்த வீட்டில் அடுப்பு எரிவது அவர் ஓடுவதால். நீங்களும் நானும் ஓடுவது வீட்டுக்குரிய நேரத்திலிருந்து எடுத்து. நீங்கள் வார நாளில் இருட்டோடு கிளம்பினால், பிள்ளையை எழுப்பி, தலை பின்னி, பள்ளிக்கு அனுப்புவது யார்? கடிதத்தில் உங்கள் மனைவியைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அந்த வேலையை அவர் தன்போக்கில் செய்துகொண்டிருக்கிறார் போலிருக்கிறது, மகள் தன்போக்கில் ஒன்றும் சொல்லாமல் இருப்பதுபோலவே. பொழுதுபோக்கு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் இருப்பவர்களிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். இதில் நான் பழைய காலத்து ஆள்தான், மாறப்போவதில்லை.

என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். வாரத்தில் ஞாயிறு ஒரு நாள்தான் ஓய்வு. அன்று காலையில் என்னைத் தேக்கா சந்தைக்கு அழைத்துப் போவார். நீண்ட கால்கள் அவருக்கு, தனியாக நடந்தால் சட்டென்று மறைந்துவிடுவார். என்னோடு வரும்போது என் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொள்வார். மீன்காரர் முதல் பூக்காரர் வரை நான் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் வரும். அந்த ஆறு நாளும் அவர் என்ன மூட்டை தூக்கினார், எவ்வளவு சம்பாதித்தார் என்பது எனக்குத் தெரியாது. அந்த நடை எனக்கு இன்றும் தெரியும்.

மகளிடம் எப்படிப் பேச்சை எடுப்பது என்று தயங்குவீர்கள். "சரி, இந்த வாரம் வா" என்று சலுகை கொடுப்பதுபோல் சொல்லிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "உன்னை விட்டுவிட்டுப் போனது தப்பு" என்று சொல்லுங்கள். பெற்றவர் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. அவள் "பரவாயில்லை" என்று சொல்லக்கூடும், வரமாட்டேன் என்றும் சொல்லக்கூடும். சொன்னால் கோபப்படாதீர்கள். அந்த ஞாயிறு நீங்களும் ஓடாதீர்கள். அடுத்த வாரம் மறுபடி கேளுங்கள், அதற்கடுத்த வாரமும் கேளுங்கள். இருபத்தைந்து ஞாயிறு அவள் பொறுத்தாள்.

அதற்கு முன் சைக்கிளைத் துடைத்துச் சக்கரத்துக்குக் காற்று அடியுங்கள். அரை ஆண்டில் பிள்ளை வளர்ந்திருப்பாள், இருக்கையை ஏற்ற வேண்டியிருக்கும். அதை அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தே செய்யுங்கள். நகர மன்றம் ஒட்டிய நோட்டீசில் கடைசித் தேதி ஒன்று போட்டிருப்பார்களே, அதைப் போய்ப் பாருங்கள். அதற்குள் எத்தனை ஞாயிறு மிச்சம் இருக்கிறது?