மூன்று நிமிடத்தில் வந்தார்கள், அப்புறம்?

கேள்வி: அமெரிக்காவில் 911 அடித்தால் ஐந்து நிமிடத்தில் போலீஸ் வாசலில் நிற்கிறது. இங்கே போலீஸுக்குப் பயிற்சி, யோகா, கவுன்சலிங் என்று பணத்தைக் கரைக்கிறார்கள். அந்தக் காசில் நாலு ரோந்து வண்டி வாங்கினால் என்ன?
(ஒரு வாசகர், திருச்சி)

பதில்: 2022 மே 24 அன்று டெக்சாஸில் உவால்டி என்ற சிற்றூரின் பள்ளிக்குள் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்தான். மூன்றே நிமிடத்தில் போலீஸும் உள்ளே வந்துவிட்டது. உங்கள் கணக்கில் நூற்றுக்கு நூறு. ஆனால் அவனைச் சுட்டு வீழ்த்தியபோது அவன் நுழைந்து 77 நிமிடம் ஆகியிருந்தது. அன்று வந்து குவிந்த போலீஸார் 376 பேர். வகுப்பறைக்குள்ளிருந்து ஒரு சிறுமி 911க்கு போன் செய்துகொண்டிருக்க, இவர்கள் வெளியே சாவி தேடினார்கள். கதவு உண்மையில் பூட்டித்தான் இருக்கிறதா என்று கைப்பிடியைத் திருகிப் பார்த்தவர் யாருமில்லை என்கிறது அந்த மாநிலச் சட்டமன்றக் குழுவின் விசாரணை. செத்தவர்கள் 19 குழந்தைகள், 2 ஆசிரியைகள். யார் உத்தரவு போடுவது என்றே தெளிவில்லை. இத்தனைக்கும் இப்படிப்பட்ட சம்பவத்துக்கான பயிற்சி அதற்கு இரண்டு மாதம் முன்புதான் அந்த ஊரில் நடந்திருந்தது!

'பார்த்தீர்களா, பயிற்சியும் வீண்தான்' என்று நீங்கள் துள்ளுவது தெரிகிறது. இருங்கள். அதே அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1987இல் மனநலம் பாதித்த ஓர் இளைஞர் கத்தியால் தன்னையே வெட்டிக்கொண்டிருந்தார். உதவி கேட்டுக் கூப்பிட்டது அவருடைய அம்மா. வந்த போலீஸ் சுட்டதில் இளைஞர் இறந்துபோனார். மறு வருடமே அந்த நகரப் போலீஸ், விருப்பப்பட்டு முன்வந்த ரோந்துக் காவலர்களுக்கு 40 மணி நேரப் பயிற்சி கொடுத்தது. நோயாளியின் குடும்பத்தாரையும் டாக்டர்களையும் அதில் சேர்த்துக்கொண்டது. கன்ட்ரோல் ரூமில் போன் எடுப்பவருக்கும் பாடம் உண்டு, எந்த அழைப்புக்கு யாரை அனுப்புவது என்று முடிவு செய்வது அவர்தானே. இன்று அமெரிக்காவில் பல ஊர்கள் வைத்திருப்பது இந்த மெம்பிஸ் முறையைத்தான்.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நான் ஏமாற்றுக்காரன். 2023 ஜனவரியில் டயர் நிக்கல்ஸ் என்ற இளைஞரின் காரை மடக்கி, அடித்தே கொன்றதும் இதே மெம்பிஸ் போலீஸின் ஒரு தனிப்படைதான். தனிப்படை என்று பெயர் வைத்து, கேள்வி கேட்க ஆளில்லாமல் தெருவில் இறக்கிவிட்டால் முப்பத்தைந்து வருடப் பெருமையும் காப்பாற்றாது.

யோகா மேல் எனக்கும் பெரிய பிரியமில்லை. தூக்கம் கெட்டவனை விடியற்காலையில் எழுப்பி மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்வதில் என்ன மனநலம்? தமிழ்நாட்டில் காவலர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்று உத்தரவே 2021இல்தான் வந்தது. உங்கள் பேட்டையில் ஒரு காவலரிடம், போன மாதம் எத்தனை நாள் அது கிடைத்தது என்று கேட்டுப் பாருங்கள்.

வண்டி வாங்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. நைட் ரவுண்ட்ஸ் முடித்து வந்தவரையே காலையில் மந்திரி பந்தோபஸ்துக்கு அனுப்பாமலிருக்க, கூடுதலாக ஆள் எடுக்கச் சொல்லியும் ஒரு கடிதம் எழுதுங்கள். முதல் பக்கத்திலேயே போடுகிறேன்.