புதிய நாடகத்தைப் பொதுவில் வாசிக்கப் போகிறவருக்கு

கேள்வி: என் முதல் முழுநீள நாடகத்தை எழுதி முடித்திருக்கிறேன். எட்டுப் பாத்திரங்கள். மேடையேற்றப் பணமில்லை. மதுரையில் ஒரு சிறிய அரங்கில் பொது வாசிப்பாக நடத்தச் சொல்கிறார்கள் நண்பர்கள். நானே வாசிக்கலாமா? எத்தனை ஒத்திகை வேண்டும்? போலீஸ் அனுமதி தேவையா? கேட்டவர் யாராவது நாடகத்தை எடுத்துக்கொண்டால்?

பதில்: தாராளமாக நடத்துங்கள். புதுப் படைப்பை அவையில் வாசித்துக் காட்டுவது நமக்குப் பழைய வழக்கம். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாக அதன் பாயிரமே சொல்கிறது. ஆனால் அரங்கேற்றம் என்பது முழுமையடைந்த நூலுக்கு. உங்கள் நாடகம் இன்னும் வரைவு. அது காதில் எப்படி விழுகிறது என்று நீங்கள் கேட்பதற்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

அதனால் நீங்கள் வாசிக்க வேண்டாம். எழுதியவர் வாசித்தால் தாளில் இல்லாத தொனியும் சேர்ந்து வந்துவிடும், குறை தெரியாது. பார்வையாளர் முகம் தெரிகிற மாதிரி ஓரமாக, பிரதியும் பென்சிலுமாக உட்காருங்கள். எந்த வரிக்குச் சிரிப்பு வந்தது, எந்தப் பக்கத்தில் ஆட்கள் நெளிய ஆரம்பித்தார்கள், எங்கே செல்போன் வெளியே வந்தது என்று அந்தந்த இடத்திலேயே குறியுங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் எத்தனை நிமிடம் ஆனது என்பதையும்.

எட்டுப் பாத்திரங்களுக்கு ஐந்தாறு பேர் போதும். ஒரே காட்சியில் பேசிக்கொள்ளும் இரண்டு பாத்திரங்களை மட்டும் ஒருவரிடமே கொடுத்துவிடாதீர்கள், கேட்பவருக்குக் குழம்பும். மேடைக்குறிப்பு வாசிக்கத் தனியாக ஒருவர் வேண்டும். தெருக்கூத்தில் கட்டியங்காரன் வந்து இன்னார் வருகிறார் என்று சொல்வதைப் போல, சபைக்கு வழிகாட்டுவது அவர் வேலை. நீளமான மேடைக்குறிப்புகளை அவருக்காக வெட்டிச் சுருக்குங்கள். யார் வந்தார், யார் போனார், பேச்சில் வராத என்ன காரியம் நடந்தது, இவை போதும்.

பலரும் கவனிக்காமல் விடுவது வட்டார வழக்கு. “வந்துட்டாக” என்று நீங்கள் எழுதியதைச் சென்னைக்காரர் ஒருவர் “வந்துட்டாங்க” என்று தன் வாய்க்குப் பழகியபடி வாசித்துவிடுவார். பாத்திரத்தின் ஊரே மாறிப்போகும். இன்னும் மோசம், பேச்சுத்தமிழும் எழுத்துத்தமிழும் ஒரே வசனத்தில் கலந்து கிடப்பது. கண்ணால் படிக்கும்போது இது உறுத்தாது. வாய்விட்டுச் சொல்லும்போது வாசிப்பவரின் நாக்கு அங்கே தடுக்கும். அப்படித் தடுக்கிற இடங்களில் பெரும்பாலும் வசனத்தில்தான் கோளாறு, வாசிப்பவரிடம் இல்லை. அவரைத் திருத்தும் முன் வரியைச் சந்தேகியுங்கள். அந்த ஊர்ப் பேச்சு தெரிந்தவரை அந்தப் பாத்திரத்துக்குத் தேடிப் பிடிப்பது, நல்ல குரல் உள்ளவரைப் பிடிப்பதைவிட முக்கியம் என்பேன்.

ஒத்திகை இரண்டு போதும். முதலாவது, சும்மா உட்கார்ந்து ஒருமுறை முழுக்க வாசிப்பது. அடுத்தது கடிகாரம் வைத்து. அதற்கு மேல் போனால் வாசிப்பவர்கள் நடிக்கத் தொடங்கிவிடுவார்கள், அவர்கள் திறமை உங்கள் எழுத்தின் ஓட்டையை மூடிவிடும். பிரதி பெரிய எழுத்தில், தாளின் ஒரு பக்கம் மட்டும், பக்க எண்ணோடு இருக்கட்டும்.

வாசிப்புக்குப் பிறகு கலந்துரையாடலை வேறொருவர் நடத்தட்டும். “பிடித்ததா?” என்று கேட்டால் “நல்லா இருந்தது” என்பார்கள், அதனால் பயனில்லை. “எந்த இடத்தில் கதை புரியாமல் போனது? யார் மேல் கோபம் வந்தது?” என்று கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் பதில் சொல்லாதீர்கள். விளக்க ஆரம்பித்த நிமிடமே அவர்கள் மரியாதைக்குத் தலையாட்டத் தொடங்கிவிடுவார்கள்.

அனுமதி விஷயம். நாடகப் பிரதியைப் போலீசிடம் கொடுத்து அனுமதி வாங்கும் வழக்கம் இங்கே நெடுங்காலம் இருந்தது. அதற்கு அடிப்படையான 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, ‘பரீக்‌ஷா’ நாடகக் குழுவை நடத்திய ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆனாலும் அரங்க நிர்வாகத்துக்கு அவர்களுடைய சொந்த விதிகள் இருக்கலாம், முன்பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள்.

திருட்டுப் பயம் நியாயமானதுதான். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவுடனேயே உரிமை உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. கருவுக்குப் பாதுகாப்பு கிடையாது, எழுதிய வடிவத்துக்கு உண்டு. வரைவில் தேதி போட்டு உங்களுக்கே மின்னஞ்சல் செய்து வைத்துக்கொள்ளுங்கள். வாசிப்பு முடிந்ததும் பிரதிகளை எண்ணித் திரும்ப வாங்கிவிடுங்கள். வாசித்தவர்கள் ஓரத்தில் போட்ட கோடுகளும் கேள்விக்குறிகளும் அடுத்த வரைவுக்கு வேண்டும்.